ஏ. இ. வெயிட்: டாரட் சீட்டுக்கட்டுக்குப் பின்னால் ஒரு படிப்பாளி

ஏட்டுச்சுவடி எழுதியது:

படச் சீட்டுகளை விரித்துப் பலன் பார்க்கும் டாரட் பற்றி இங்கே ஏற்கெனவே நிறைய இழைகள் ஓடியிருக்கின்றன. எந்தச் சீட்டுக்கு என்ன பலன், எந்தக் கட்டு வாங்கலாம், விலை என்ன என்றெல்லாம் பேசிவிட்டோம். "ரைடர்-வெயிட் கட்டு" என்ற பெயரும் ஆயிரம் முறை வந்துவிட்டது. அந்த வெயிட் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்டதாக நினைவில்லை. அவரைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். இருபத்து மூன்று வருடமாக அதுதான் பிழைப்பு. மாந்திரீகத்தில் எனக்கு ஈடுபாடு கிடையாது. சில வருடங்களுக்கு முன் திருவல்லிக்கேணியில் ஒரு நடைபாதைப் புத்தகக் கடையில் முதுகு பிய்ந்த ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய மாந்திரீக வரலாறு, வெயிட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில். முதலில் வந்தது 1913இல். கையில் எடுத்ததும் தொழில் பழக்கத்தில் நேரே அடிக்குறிப்புக்குத்தான் போனேன். போனவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

மேலே பெரிய எழுத்தில் லெவி ஒரு சங்கதியை ஆரவாரமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கீழே சின்ன எழுத்தில், இதற்கு ஆதாரம் இல்லை, இந்த ஆள் அந்தக் காலத்தவரே இல்லை, இந்த மேற்கோள் சொன்ன இடத்தில் காணப்படவில்லை என்கிற ரீதியில் வெயிட் குறித்துக்கொண்டே வருகிறார். மொழிபெயர்ப்பாளர் மூல ஆசிரியரோடு பக்கத்துக்குப் பக்கம் மல்லுக்கு நிற்கிறார்! இத்தனைக்கும் லெவியை ஆங்கிலம் படிக்கிறவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவரே இவர்தான். 1886இல் லெவியின் எழுத்துகளைத் தொகுத்து ஒரு நூல், 1896இல் லெவியின் முக்கிய நூலுக்கு முழு மொழிபெயர்ப்பு. ஆசைப்பட்டு எடுத்துச் செய்த ஆசிரியரையே இப்படிச் சரிபார்க்கிறாரே, யார் இந்த மனிதர் என்று தேடத் தொடங்கினேன்.

ஆர்தர் எட்வர்ட் வெயிட் பிறந்தது 1857 அக்டோபர் 2, நியூயார்க்கின் புரூக்ளினில். அப்பா அமெரிக்கக் கப்பல் கேப்டன். மகனுக்கு ஒரு வயது ஆகுமுன்னே கடலிலேயே இறந்துபோனார். அம்மா எம்மா லவல் இங்கிலாந்துக்காரர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். அங்கே கத்தோலிக்கத்தில் சேர்ந்தார்கள். வசதியான குடும்பமில்லை, வெயிட் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்ததில்லை, கொஞ்ச காலம் குமாஸ்தா வேலை. 1874இல் ஒரே தங்கை ஃபிரெடெரிகா இறந்தாள். அந்த அடி அவரை வழக்கமான நம்பிக்கையிலிருந்து நகர்த்தி, ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன கூட்டங்கள் பக்கம் கொண்டுபோனது. அங்கேயும் மனம் தங்கவில்லை. 21 வயதில் பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசக சாலைக்குள் நுழைந்தார். உண்மையில் அவர் படித்த கல்லூரி அதுதான்.

அவர் கவிஞர், ரகசியச் சங்கத் தலைவர், டாரட் கட்டைத் திட்டமிட்டவர், எல்லாம்தான். நான் பெரிதாக நினைப்பது ஒன்றை மட்டும்: மறைஞானத்தை உயிராக நம்பிய ஒருவர், அந்த நம்பிக்கைக்காக ஒரு பொய்யான தேதியைக்கூட ஏற்கவில்லை. இந்தத் துறையில் அப்படி ஒருவரைப் பார்ப்பது அபூர்வம். படித்தவர்கள், படிக்காதவர்கள், ஒப்புக்கொள்ளாதவர்கள் எல்லோரும் எழுதுங்கள்.

மீனலோசனி எழுதியது:

நல்ல இழை அண்ணா. நான் பதினான்கு வருடமாகக் கோயம்புத்தூரில் டாரட் பார்க்கிறேன். என்னிடம் இருப்பது அதே கட்டுதான், மூன்றாவது முறையாக வாங்கியது, முதல் இரண்டும் ஓரம் நைந்துவிட்டன. ஆனால் வெயிட் பற்றி எனக்குத் தெரிந்தது பெட்டிமேல் இருக்கும் பெயர் மட்டும்தான் என்று இதைப் படித்தபோதுதான் உறைத்தது. ஒரு சந்தேகம். அவர் குறிசொல்வதை மதிக்கவில்லை என்று எங்கோ கேள்விப்பட்டேன். அப்படியென்றால் ஏன் கட்டைச் செய்தார்?

அருள்மொழி 77 எழுதியது:

டாரட் பழங்கால எகிப்தியப் பூசாரிகள் தங்கள் ஞானத்தைச் சீட்டுகளில் ஒளித்துவைத்தது. வெயிட் அதை மீட்டெடுத்தார். இதுதானே வரலாறு?

ஏட்டுச்சுவடி எழுதியது:

அருள்மொழி, பலரும் இப்படித்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்த எகிப்துக் கதையை முதலில் அச்சில் சொன்னவர் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், 1781இல். எகிப்திய எழுத்தைப் படிக்கவே அப்போது உலகத்தில் ஆளில்லை. ஷாம்போலியோன் அதை அவிழ்த்தது 1822இல். ஜெபெலின் சீட்டுகளைப் பார்த்தார், எகிப்து போல் தோன்றியது, எழுதிவிட்டார். பின்னால் வந்தவர்கள் அதன்மேல் மாடி மாடியாகக் கட்டினார்கள். லெவி எபிரேய எழுத்துகளையும் கபாலா என்ற யூத மறைஞான மரபையும் கொண்டுவந்து சேர்த்தார்.

வெயிட் தம் சீட்டுகளுக்கு விளக்கமாக எழுதிய நூல் 1911இல் படங்களோடு வந்தது. அதிலேயே எகிப்துக் கதையை ஒதுக்கிவிட்டார். பதினான்காம் நூற்றாண்டுக்கு முன்னால் இந்தச் சீட்டுகளுக்கு வரலாறே இல்லை என்பது அவர் கட்சி. இன்றைய ஆய்வு இன்னும் கிட்டத்தில் வந்துவிட்டது. பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலான், ஃபெர்ராரா போன்ற ஊர்களின் அரண்மனைகளில் விளையாடிய சீட்டாட்டம் அது. ஒன்றை யோசித்துப் பாருங்கள். தாமே திட்டமிட்ட கட்டு, எகிப்து என்று சொன்னால் இன்னும் நன்றாக விற்கும். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆதாரம் இல்லை என்று எழுதியிருக்கிறார்.

மீனலோசனி, நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். சீட்டுகளின் உண்மையான பயன் தியானத்துக்கும் குறியீட்டுக்கும் என்று நினைத்தார். பலன் பார்ப்பதை ஒரு படி கீழேதான் வைத்தார். ஆனாலும் அந்த நூலிலேயே பலன் பார்க்கும் முறையையும் கொடுத்தார். நீங்கள் பத்துச் சீட்டு விரிக்கும் செல்டிக் கிராஸ் முறை இருக்கிறதே, அது பரவியது அந்தப் புத்தகத்திலிருந்துதான்.

மீனலோசனி எழுதியது:

தினமும் அதைத்தான் விரிக்கிறேன்! முதல் சீட்டு, அதன்மேல் குறுக்காக இரண்டாவது, அப்புறம் சுற்றிலும் நான்கு, வலப்பக்கம் கீழிருந்து மேலாக நான்கு. என் குரு சொல்லிக்கொடுத்தது, அவருக்கு அவருடைய குரு. அச்சில் வந்த பக்கம் ஒன்று அதற்கு இருக்கிறது என்று இன்றுதான் தெரியும்.

கருங்குயில் எழுதியது:

இழையைக் கெடுக்க வரவில்லை. ஆனால் "படிப்பாளி" என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. மூன்று காரணம் சொல்கிறேன். அவர் ஆங்கிலம் படிக்க முடியாத ஆங்கிலம். ஒரு வாக்கியம் அரைப் பக்கம் போகும், முடிவில் என்ன சொன்னார் என்று திரும்பி வந்து பார்க்கவேண்டும். இரண்டாவது, கபாலா பற்றி 1902இல் ஒன்று, 1913இல் ஒன்று, 1929இல் அவற்றையெல்லாம் சேர்த்துப் பெரிதாக ஒன்று என்று நூல்கள் எழுதினார். அவருக்கு எபிரேயமும் அரமேயமும் தெரியாது. மூலமொழி தெரியாதவரை நம் ஊரில் அறிஞர் என்று சொல்வோமா? மூன்றாவது, அவரே ரகசியச் சங்கம் நடத்தியவர். மறைத்துவைப்பதில் ஆதாயம் உள்ளவர் எழுதும் வரலாற்றை எப்படி நம்புவது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

மூன்றும் நியாயமான கேள்விகள். நடை பற்றி உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். மெய்ப்புப் பார்க்கிறவன் என்ற முறையில் அந்த வாக்கியங்களில் எனக்கே மூச்சு முட்டியிருக்கிறது. சொல்ல வந்ததைச் சொல்லாமல், பெரிய ரகசியம் ஒன்றை அறிந்தவர் போல் சுற்றி வளைக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. அது குறைதான்.

எபிரேயம் விஷயத்தில் என்னைவிட நல்ல நடுவர் இருக்கிறார். கபாலா ஆய்வை நவீன கல்வித்துறையாக நிலைநிறுத்திய கெர்ஷோம் ஷோலெம், 1941இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் வெயிட்டைக் குறிப்பிடுகிறார். கபாலாவின் தலையாய நூலான சோஹரின் குறியீட்டைப் புரிந்துகொள்ள வெயிட் எடுத்தது தீவிரமான முயற்சி, கபாலாவின் உலகத்தைப் பற்றி அவருக்கு உண்மையான உட்பார்வை இருந்தது என்கிறார். வரலாறு, மொழியியல் இரண்டிலும் அவருக்கு விமர்சனக் கண் இல்லை என்றும் கூடவே சொல்கிறார். ஜான் த பாலி செய்த பிழை மலிந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பை நம்பவேண்டி வந்ததால் வெயிட் பல இடங்களில் தடம் புரண்டார் என்பதையும் காட்டுகிறார். பாராட்டும் உண்டு, அடியும் உண்டு. ஷோலெமின் அளவுகோலில் நிற்க முடிந்தவர்கள் மிகக் கொஞ்சம். மறைஞானக் கூட்டத்திலிருந்து வந்த ஒருவரை அவர் பொருட்படுத்திப் பேசினார் என்பதே பெரிய விஷயம்.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அதற்கு நேரம் எடுத்து எழுதவேண்டும். நாளை வருகிறேன்.

கடற்காகம் எழுதியது:

அதற்குள் நான் ஒன்று கேட்டுவிடுகிறேன். நான் புதுச்சேரிக்காரன். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றில் "பாண்டிச்சேரியில் சாத்தான் வழிபாடு" என்று வருவதாகவும், அதை மறுத்து ஓர் ஆங்கிலேயர் எழுதியதாகவும் என் மாமா சொல்வார். வெயிட்தானா அது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

அவரேதான்! இதை எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். கருங்குயிலின் மூன்றாவது கேள்விக்குப் பாதி பதிலும் இதில் இருக்கிறது.

லியோ தாக்ஸில் என்ற பெயரில் எழுதிய ஒரு பிரெஞ்சுக்காரர், மார்செய் ஊர்க்காரர். முதலில் திருச்சபையைத் தாக்கி எழுதினார். 1885இல் மனம் மாறிவிட்டதாக அறிவித்து, அதே வேகத்தில் ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரச் சங்கத்தாரைத் தாக்கத் தொடங்கினார். போப்பரசர் பதின்மூன்றாம் லியோவே அவரை நேரில் சந்தித்தார். பிறகு 1892 தொடங்கி "டாக்டர் பத்தாய்" என்ற பெயரில் தவணை தவணையாக ஒரு பிரம்மாண்டமான நூல் வந்தது. ஒரு கப்பல் டாக்டர் உலகம் முழுக்கச் சுற்றிச் சாத்தான் வழிபாட்டைக் கண்ணால் கண்டதாக அதில் எழுதியிருந்தது.

கதை எங்கே தொடங்குகிறது தெரியுமா? இலங்கையில், காலித் துறைமுகத்தில். அங்கே கப்பலில் ஓர் இத்தாலிய வியாபாரி, கல்கத்தாவில் தான் லூசிஃபரை, அதாவது சாத்தானை, பார்த்ததாக டாக்டரிடம் அழுது ஒப்புக்கொள்கிறான். அதைக் கேட்டு, டாக்டர் துப்பறியக் கிளம்புகிறார். இலங்கை, பாண்டிச்சேரி, கல்கத்தா, சிங்கப்பூர், ஷாங்காய், அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் என்று போகிறது பயணம். ஜிப்ரால்டர் பாறைக்கு அடியில் விஷம் காய்ச்சும் ரகசியத் தொழிற்சாலை வருகிறது. மேசை முதலையாக மாறிப் பியானோ வாசிக்கும் காட்சிகூட உண்டு. படித்தவர்கள் நம்பினார்கள். கடற்காகம், உங்கள் ஊர் அந்த ஜாப்தாவில் வந்தது இப்படித்தான். ஒரு பிரெஞ்சு வாசகனுக்குப் பாண்டிச்சேரி தெரிந்த பெயர், ஆனால் போய்ப் பார்த்திருக்க மாட்டான். பொய் சொல்ல அதைவிட வசதியான இடம் கிடைக்காது.

வெயிட் இதை எடுத்துக்கொண்டு 1896இல் ஒரு தனி நூலே எழுதினார். அவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள். சாத்தான் உண்டா இல்லையா என்ற வாதத்துக்குள் போகவில்லை. நூலில் பெயர் சொல்லப்பட்ட ஆங்கிலேயர்களை எடுத்துக்கொண்டார். அவர்களில் சிலரை அவருக்கே தெரியும், அந்தச் சங்கங்களையும் தெரியும். இவர் இந்தப் பதவியில் இல்லை, இந்தச் சங்கம் இப்படிப்பட்டதில்லை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். இன்னொன்றும் செய்தார். இந்தக் கும்பலின் நூல்களில் "ரகசிய ஆவணம்" என்று தரப்பட்டவற்றில் லெவியின் பக்கங்கள் திருடப்பட்டிருப்பதைப் பிடித்தார். பத்து வருடமாக லெவியை வரிக்கு வரி மொழிபெயர்த்தவர் கண்ணுக்கு அது தப்புமா?

மறு வருடம், 1897 ஏப்ரல் 19, பாரிஸில் புவியியல் சங்கத்தின் அரங்கத்தில் தாக்ஸில் கூட்டம் கூட்டி, பன்னிரண்டு வருடமாகத் தாம் சொன்னதெல்லாம் கட்டுக்கதை என்று தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார். வெயிட்டின் நூல் அதற்கு முன்னால் வந்துவிட்டது. அப்போது வெயிட் ஃப்ரீமேசன் சங்கத்தில் உறுப்பினரும் கிடையாது, சேர்ந்தது 1901இல். தம் ஆட்களைக் காப்பாற்ற எழுதினார் என்றும் சொல்ல வழியில்லை.

கடற்காகம் எழுதியது:

படிக்கப் படிக்க மனசு என்னவோ செய்கிறது. இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு, பார்த்தே இராத ஊரின் பெயரையும் சேர்த்துக் களங்கம் துடைத்திருக்கிறார். மாமா இப்போது இல்லை. இருந்திருந்தால் இன்று இரவே இதை வாசித்துக் காட்டியிருப்பேன்.

கருங்குயில் எழுதியது:

இது எனக்குப் புதிய செய்தி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்றவன் பொய்யை உடைப்பது ஒன்று. தன் வீட்டுப் பொய்யை உடைப்பது வேறு. அவர் உறுப்பினராக இருந்த கோல்டன் டான் சங்கத்தின் அஸ்திவாரமே போலிக் கடிதங்கள்தானே?

ஏட்டுச்சுவடி எழுதியது:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள்.

தெரியாதவர்களுக்காக: கோல்டன் டான் 1888இல் லண்டனில் தொடங்கியது. வின் வெஸ்ட்காட், மேக்கிரகர் மேதர்ஸ், உட்மன் என்ற மூன்று பேர் தொடங்கினார்கள். கவிஞர் யேட்ஸ் அதில் உறுப்பினர். தங்களிடம் பழைய சங்கேதச் சுவடி ஒன்று இருக்கிறது, ஜெர்மனியில் அன்னா ஸ்ப்ரெங்கல் என்ற அம்மையார் கடிதம் மூலம் அனுமதி கொடுத்தார் என்பதுதான் சங்கத்தின் பிறப்புக் கதை. 1900இல் மேதர்ஸே, அந்தக் கடிதங்கள் வெஸ்ட்காட் செய்த போலி என்று எழுதிவிட்டார். சங்கம் உடைந்து சிதறியது. இந்தக் கடித விவகாரம் முழுதையும் எல்லிக் ஹோ என்ற வரலாற்றாளர் 1972இல் ஆவணங்களோடு அம்பலப்படுத்தினார்.

வெயிட் 1891இல் சேர்ந்தவர். இடையில் விலகி 1896இல் திரும்பி வந்தார். 1903இல் லண்டன் கிளை அவர் கைக்கு வந்தது. மாந்திரீகச் சடங்குகளை ஒதுக்கிவிட்டு அதை ஒரு பக்தி நெறியாக மாற்றினார். தம் தலைமையில் இருந்த அந்தச் சங்கத்தின் மூலச் சுவடியையே அவர் ஆராய்ந்தார். அது பழையதல்ல என்ற முடிவுக்கு வந்தார். அதைச் சொல்லவும் செய்தார். உள்ளே சண்டை மூண்டது, 1914இல் சங்கத்தை இழுத்து மூடினார். மறு வருடம் வேறு பெயரில் தமக்கென்று புதிதாகத் தொடங்கினார். பழைய சுவடி, ஜெர்மன் அம்மையார் எதையும் கொண்டுவரவில்லை. சடங்கு முழுவதும் தாமே எழுதினார்.

தலைவராக இருப்பவர் வாய் மூடிக்கொண்டிருந்தால் சங்கம் ஓடிக்கொண்டிருக்கும். இதைவிட என்ன சான்று வேண்டும்?

கருங்குயில் எழுதியது:

சரி. இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். நடை விஷயத்தில் வரமாட்டேன்.

பனிக்கூழ் எழுதியது:

ஐயா, புதியவன். வாழ்க்கைக்கு என்ன செய்தார்? புத்தகம் எழுதியா சாப்பிட்டார்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

இல்லை தம்பி. இதைக் கேட்டால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஹார்லிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். நம் வீட்டில் காய்ச்சல்காரருக்கும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் கலக்கிக் கொடுக்கிறோமே, அதே ஹார்லிக்ஸ். இங்கிலாந்திலிருந்து போன ஜேம்ஸ், வில்லியம் என்ற அண்ணன் தம்பி 1873இல் அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனி அது. ஜேம்ஸ் பின்னால் லண்டன் திரும்பினார். அங்கே மேலாளராக 1909 வரை ஏறத்தாழ பத்து வருடம் வெயிட் இருந்தார். பகலில் மால்ட் மாவுக்கு விளம்பரம், இரவில் கபாலா.

கம்பெனி ஒரு மாத இதழும் நடத்தியது. அதை வெயிட் பார்த்துக்கொண்டார். அவருடைய உயிர் நண்பர் ஆர்தர் மேக்கன், திகில் கதை எழுதியவர்களில் மிக முக்கியமானவர். இன்று உலகத்தின் சிறந்த அமானுஷ்யக் கதைகளில் ஒன்றாகப் பலர் சொல்லும் மேக்கனின் "வெள்ளை மனிதர்கள்" 1904 ஜனவரியில் அந்த ஹார்லிக்ஸ் இதழில்தான் முதலில் அச்சானது. அப்படிப்பட்ட ஒரு கதைக்கு, சத்துமாவு விற்கிற இதழில் நண்பன் இடம் கொடுத்தான். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

மீனலோசனி எழுதியது:

ஹார்லிக்ஸா! இன்று காலைதான் ஆற்றிக் குடித்தேன்.

அண்ணா, படங்கள் வரைந்த பாமெலா பற்றி நீங்கள் இன்னும் சொல்லவில்லை. மேசையில் சீட்டைப் பரப்பி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வாள் மூன்று. சிவப்பு இதயம், மூன்று வாள் குத்தி நிற்கிறது, பின்னால் சாம்பல் மேகம், மழை சரிவாக விழுகிறது. வேறு எதுவுமில்லை. பதினான்கு வருடத்தில் இந்தச் சீட்டு வந்ததும் எத்தனையோ பேர் நான் வாய் திறக்குமுன்பே அழுதிருக்கிறார்கள். ஒரு மூலையில் சுருண்டு சுருண்டு ஒரு குறி இருக்கிறது. இத்தனை நாளும் அதை ஏதோ மந்திரக் குறி என்றே நினைத்திருந்தேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அது அவருடைய கையெழுத்து அம்மா. பாமெலா கோல்மன் ஸ்மித் என்ற பெயரின் மூன்று முதலெழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எழுபத்தெட்டுச் சீட்டையும் வரைந்தவர்.

1878இல் லண்டனில் பிறந்தார். சிறுவயதில் ஜமைக்காவிலும் இருந்தார், புரூக்ளினில் ஓவியம் படித்தார், பின்பு லண்டனில் நாடக மேடைக்காரர்களோடு பழகினார். 1901இல் கோல்டன் டானில் சேர்ந்தார். வெயிட் 1909இல் அவரிடம் வேலையைக் கொடுத்தார், அந்த டிசம்பரில் ரைடர் பதிப்பகம் கட்டை வெளியிட்டது. அதற்கு முன் டாரட்டின் எண் போட்ட சிறு சீட்டுகளில் பொதுவாகக் காட்சிப் படமே இருக்காது. நம் சீட்டுக்கட்டில் ஸ்பேடு மூன்றில் மூன்று ஸ்பேடு இருப்பது போல, மூன்று வாள் என்றால் மூன்று வாள், அவ்வளவுதான். அந்த எண் சீட்டுகளுக்கும் ஒவ்வொரு காட்சி போட்டது இந்தக் கட்டு. வெயிட் பெரிய சீட்டுகளுக்கு விவரமாகச் சொல்லியிருக்கவேண்டும், சிறு சீட்டுகளில் பாமெலாவின் கற்பனைக்கே பெரும் பங்கு என்பது பலரின் கருத்து. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

உங்கள் வாள் மூன்றுக்கு ஒரு பாட்டி உண்டு. சோலா புஸ்கா என்று பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியச் சீட்டுக்கட்டு. அதிலும் இதயத்தில் மூன்று வாள். அதன் புகைப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. இரண்டு வருடம் கழித்து இந்தக் கட்டு. ஒற்றுமையைப் பார்த்தால், அந்தப் புகைப்படங்களைப் பார்த்துத்தான் வரைந்திருக்கவேண்டும். தண்டம் பத்து சீட்டைப் பாருங்கள். ஒருவன் கட்டை அணைத்துத் தூக்கிக்கொண்டு குனிந்து போகிறான் அல்லவா? சோலா புஸ்காவில் அதே ஆள் வாள் பத்தில் இருக்கிறான்.

வருத்தமான பகுதியையும் சொல்லிவிடுகிறேன். பெரிய வேலை ஒன்றை மிகக் கொஞ்சப் பணத்துக்கு முடித்திருக்கிறேன் என்று 1909 நவம்பரில் நியூயார்க் புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸுக்கு பாமெலா கடிதம் எழுதினார். 1951இல் கார்ன்வாலில் பியூட் என்ற கடலோர ஊரில் இறந்தபோது கடன் இருந்தது. அதை அடைக்கச் சாமான்களை ஏலம் விட்டார்கள். கட்டின் பெயரில் பதிப்பாளர் இருக்கிறார், வெயிட் இருக்கிறார். வரைந்தவர் பெயர் வெகுகாலம் இல்லை. இதில் வெயிட்டை நான் காப்பாற்றப் போவதில்லை. அடிக்குறிப்பில் அத்தனை பேருக்குக் கணக்கு வைத்தவர், இந்தக் கணக்கை விட்டுவிட்டார்.

கருங்குயில் எழுதியது:

இந்தக் கடைசி வரிக்காக உங்களை மதிக்கிறேன் ஐயா.

கேட்க மறந்தது ஒன்று: அலெஸ்டர் குரோலி என்ற ஆங்கிலேய மாந்திரீகர் வெயிட்டை ஏன் அவ்வளவு வெறுத்தார்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

வெறுப்பு பின்னால் வந்தது. முதலில் மாணவன் போலத்தான் வந்தார் குரோலி. 1898இல் வெயிட் மாந்திரீகக் கையேடுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பேயை அழைப்பது, புதையல் எடுப்பது என்று கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டிருந்த ஏடுகளையெல்லாம் ஒன்று சேர்த்து, எது எப்போது எழுதியது, எது எதைப் பார்த்துக் காப்பியடித்தது என்று பிரித்துக்காட்டிய நூல். பழம்பெரும் ஞானம் என்று சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை பிற்காலக் குப்பை என்பது அவர் முடிவு. இருபது சொச்சம் வயது குரோலி அதைப் படித்துவிட்டு, உண்மையான ரகசியச் சங்கத்தைப் பற்றி விசாரித்துக் கடிதம் எழுதினார். வெயிட் பதில் போட்டார். எக்கார்ட்ஸ்ஹௌசன் எழுதிய ஒரு சின்ன ஆன்மிக நூலைப் படிக்கச் சொன்னார். குரோலி அதே வருடம் கோல்டன் டானில் சேர்ந்தார். வெயிட் தேடியது மௌனம், குரோலி தேடியது சக்தி. ஒத்துப்போகவே வழியில்லை. பின்னால் தம் நாவலில் வெயிட்டை ஒரு பாத்திரமாக்கிக் கேவலப்படுத்தினார். நான் அதற்குமேல் அதில் செலவழிக்க விரும்பவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று சொல்லவேண்டும். ரசவாதம். 1890களில் வெயிட், பதினாறாம் நூற்றாண்டு மருத்துவரும் ரசவாதியுமான பாராசெல்ஸஸின் எழுத்துகளை இரண்டு பெரிய தொகுதிகளாக 1894இல் பதிப்பித்தார், வேறு பல ரசவாத நூல்களையும் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில், ரசவாதிகள் ஈயத்தைத் தங்கமாக்கியதெல்லாம் சங்கேதம், உண்மையில் அவர்கள் பேசியது ஆன்ம பரிபாகம் என்ற கருத்து பிரபலம். இளம் வெயிட்டும் அதை நம்பி எழுதினார். அவருடைய மனசுக்கு இனித்த கருத்து அது. 1926இல், கிட்டத்தட்ட எழுபது வயதில், ரசவாதத்தைப் பற்றி மறுபடி ஒரு நூல் எழுதினார். பழைய ஏடுகளைக் காலவரிசையில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இவர்கள் பெரும்பாலும் உலையும் உலோகமும்தான் பேசினார்கள், ஆன்மிக அர்த்தம் பிற்காலத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது என்று எழுதினார். தம் பழைய கட்சியைத் தாமே கைவிட்டார்.

ரோசிக்ரூசியன் என்ற ரகசியச் சங்கத்தின் விஷயத்திலும் இதுவே கதை. 1887இல், முப்பது வயது வாக்கில், முதல் வரலாறு. 1614, 1615ஆம் வருட அறிக்கைகளை அப்படியே அச்சிட்டு, இதற்கு முன்னால் இந்தச் சங்கத்துக்குத் தடயமே இல்லை என்று காட்டினார். 1924இல், அது போதாது என்று முழுக்கத் திரும்ப எழுதினார். முப்பத்தேழு வருடம் கழித்து ஒரே பொருளுக்கு மறுபடி உட்கார்ந்தார். பதிப்பாளர் கேட்டதற்கு ஓரிரண்டு பக்கம் சேர்த்துக் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறவர்களைத்தான் என் தொழிலில் தினமும் பார்க்கிறேன்.

பனிக்கூழ் எழுதியது:

எதிலிருந்து தொடங்குவது ஐயா? ஆங்கிலம் சுமாராகத்தான் வரும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

வெயிட்டை நேரே எடுக்காதீர்கள், சோர்ந்துபோவீர்கள். ஆர். ஏ. கில்பர்ட் எழுதிய வாழ்க்கை வரலாறு 1987இல் வந்தது, அது தெளிவாக இருக்கும். அப்புறம் தாக்ஸில் பற்றிய 1896 நூல். அவர் எழுதியதில் ஓரளவு வேகமாகப் படிக்கக்கூடியது அதுதான். கடைசியில், மனம் இருந்தால், 1938இல் அவர் எழுதிய தன்வரலாறு. நான்கு வருடம் கழித்து, 1942 மே 19 அன்று இறந்தார். கென்ட் மாவட்டத்தில் பிஷப்ஸ்போர்ன் என்ற சின்ன கிராமத்தின் சர்ச் வளாகத்தில் அடக்கம்.

கடற்காகம் எழுதியது:

ஐயா, அந்தப் பிரெஞ்சு மூலநூல் இணையத்தில் ஸ்கேனாகக் கிடைக்கிறது. நேற்று இரவு தேடி எடுத்துவிட்டேன். ஓவியங்களும் இருக்கின்றன. பாண்டிச்சேரிப் பகுதியை நான் தமிழாக்கித் தருகிறேன், வெயிட் அதைப் பற்றி எழுதிய பகுதியை நீங்கள் செய்யுங்கள். பக்கம் பக்கமாக வைத்துப் போடலாம். எங்கள் ஊரில் அப்படி ஒரு தெரு இருந்ததா, கோயில் இருந்ததா என்று பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டுக் குறிப்பும் எழுதுகிறேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

சம்மதம். ஞாயிற்றுக்கிழமைக்குள் என் பங்கை அனுப்பிவிடுகிறேன். உங்கள் குறிப்புகளை அடிக்குறிப்பாகவே போடுவோம், சின்ன எழுத்தில்.

மீனலோசனி எழுதியது:

என் சீட்டுப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் பாமெலாவின் பெயரை எழுதிவிட்டேன் அண்ணா. ஸ்மித் என்பதற்குக் கீழே 1878, 1951 என்று வருடமும் போட்டிருக்கிறேன். சரிதானே?

ஏட்டுச்சுவடி எழுதியது:

சரிதான் அம்மா. கோல்மன் என்பதை விட்டுவிடாதீர்கள்.

மீனலோசனி எழுதியது:

எழுதியிருக்கிறேன். மூன்று பெயரும் இருக்கின்றன.